இருநூற்று ஒன்பது அறிக்கைகள்

டெல்ஃபீனா போர்பாவை ஒன்றை நம்ப வைப்பது லேசான காரியம் அல்ல. பல்லைப் பிடுங்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னால், பக்கத்து ஊரில் இன்னொரு பல் வைத்தியரிடம் போய் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வருவாள். கடையில் பால் எடுத்தால் முன்வரிசையைத் தொடமாட்டாள். தோள் வரை கையை உள்ளே விட்டுக் கடைசி வரிசையிலிருந்து ஒன்றை உருவுவாள். அவளுடைய கணவன் கில், பால் டேங்கர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், இதற்கெல்லாம் பழகிப்போயிருந்தான்.

சான் அமரோ மாவட்டத்தில் அவளை மாதிரிக் குடும்பங்கள் நிறைய. அசோர்ஸ் தீவுகளிலிருந்து மாடு கறக்க வந்த அப்பா, பாதாம் தோப்புகளுக்கு நடுவே ஒரு மாட்டுப்பண்ணை, ஞாயிற்றுக்கிழமை போர்ச்சுகீஸ் பூசை. அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பக்கத்துப் பண்ணையில் வேலை செய்தவனின் மகள் இல்டா அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். ஒருநாள் இல்டாவின் கெண்டைக்காலில் பெல்ட் அடித்த தடம் இருந்தது. மறு வாரம் இன்னொரு காலில். ஞானோபதேச வகுப்பு எடுத்த கன்னியாஸ்திரீயிடம் டெல்ஃபீனா போய்ச் சொன்னாள். "நான் பாத்துக்கறேம்மா, நீ போ" என்றார் அவர். ஒரு மாதம் கழித்து அந்தக் குடும்பமே ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டது; வாசலில் ஒரு மெத்தை மட்டும் மழையில் நனைந்து கிடந்தது. பதினேழு வயதில் தைரியம் வந்து அந்தக் கன்னியாஸ்திரீயிடம் கேட்டபோது, பங்குச் சாமியாரிடம் சொன்னதாகச் சொன்னார். சாமியார் அதற்குள் இறந்துபோயிருந்தார். அவர் யாரிடமாவது சொன்னாரா, இல்லையா என்பது யாருக்கும் தெரியாது.

எண்பத்தொன்பதில் மாவட்டத்தின் குழந்தைகள் நல அலுவலகத்தில் தட்டச்சு செய்ய ஆள் எடுத்தார்கள். டெல்ஃபீனா சேர்ந்தாள். சில வருடங்களில் ஃபேக்ஸ் அனுப்பும் வேலை அவள் கைக்கு வந்து, பிறகு அவளுடையதாகவே ஆகிவிட்டது.

வேலை இதுதான். ஒரு குழந்தையை யாரோ அடிக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் ஆசிரியரோ, டாக்டரோ, அக்கம்பக்கத்தவரோ அலுவலகத்துக்குப் போன் செய்வார்கள். சமூகப் பணியாளர் அதைக் கேட்டு அறிக்கையாக எழுதுவார். அந்த அறிக்கை முப்பத்தாறு மணி நேரத்துக்குள் மாவட்டப் போலீசான ஷெரிஃப் அலுவலகத்துக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் போய்ச் சேர வேண்டும். மூன்று பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்றுக்கும் நடுவே இருந்தது ஒரு ஃபேக்ஸ் மெஷின். அதன் முன்னால் இருந்தவள் டெல்ஃபீனா.

தாள் போய்ச் சேர்ந்ததும் மெஷின் ஒரு சிறு சீட்டைத் துப்பும். நாள், நேரம், எத்தனை பக்கம், கடைசியில் 'ஓகே'. மற்றவர்கள் அதைக் குப்பையில் போடுவார்கள். டெல்ஃபீனா, வாரக்கடைசியில் வேறு ஆள் அனுப்பியவற்றையும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சீட்டையும் அந்தந்த அறிக்கையின் நகலோடு பின் அடித்து, பாதாம் அடைத்து வந்த அட்டைப் பெட்டிகளில் நாள்வாரியாக அடுக்கி, கோப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

"நீ பாவமன்னிப்புக் கேட்டாக்கூட சாமியார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் வருவே போல" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள்.

"நீங்கள்லாம் வாங்காம வந்ததாலதானே இப்படி இருக்கீங்க" என்பாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவர் போன் செய்தார். ரூபி என்ற ஐந்து வயதுப் பெண் குழந்தையின் மேல்கையில் நான்கு விரல் பதிந்த மாதிரி நீலம் பாரித்திருக்கிறது என்றார். அவசரம் என்ற வகையில் அது சேரவில்லை. அறிக்கையை மாலை நாலு இருபதுக்கு டெல்ஃபீனா அனுப்பினாள். மறு வாரம் சமூகப் பணியாளர் அந்த வீட்டுக்கு மூன்று முறை போனார். இரண்டு முறை யாரும் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் முறை, குதித்து விளையாடும்போது குழந்தை விழுந்துவிட்டது என்றாள் அம்மா. வீட்டில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. பணியாளர் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மாவோடு இருந்த ஆளைப் பற்றிய சண்டைப் புகாருக்காக ஜனவரியிலேயே ஷெரிஃப் ஆட்கள் இரண்டு தடவை அந்த வீட்டுக்கு வந்து போயிருந்தார்கள். அது பணியாளருக்குத் தெரியாது. ஆசிரியை சொன்னது அவர்களுக்குத் தெரியாது. ஏப்ரல் கடைசியில் ரூபி மருத்துவமனையில் இருந்தாள். ஒரு கை முறிந்திருந்தது, இரண்டு விலா எலும்பு உடைந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

பிரிவுத் தலைவி லோர்னா பிரிட்சர்ட் டெல்ஃபீனாவை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னாள். "அந்த மார்ச் மாச அறிக்கை தங்களுக்கு வரவே இல்லைங்கறாங்க ஷெரிஃப் ஆபீஸ்ல."

டெல்ஃபீனா எழுந்து போய், நாலு நிமிடத்தில் தாளோடு வந்தாள். வெள்ளி, நாலு இருபது, மூன்று பக்கம், ஓகே.

லோர்னா அதை வெகுநேரம் பார்த்தாள். "இது என்கிட்ட இருக்கட்டும்."

"நகல் எடுத்துத் தர்றேன். இது என்கிட்ட இருக்கட்டும்."

லோர்னாவின் முகம் சற்றுக் கறுத்தது. இவள் ஏன் மூலத்தைக் கேட்கிறாள் என்று டெல்ஃபீனா அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து சார்ஜன்ட் கோட்ஸ் வந்தார். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகள் அவர் பொறுப்பில் இருந்தன. நெடிய ஆள், எதையும் மெதுவாகச் செய்கிறவர். சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். "இது உங்க மெஷின் சொல்றது. எங்க மெஷின் ஒண்ணும் சொல்லலியே."

"சொன்னதைக் கிழிச்சுப் போட்டுட்டா அது எப்படிச் சொல்லும்?" என்றாள் டெல்ஃபீனா.

லோர்னா இருமினாள். கோட்ஸ் டெல்ஃபீனாவையே பார்த்தார். குழந்தைகள் நல அலுவலகம் அனுப்புவதில் பாதி விவாகரத்துச் சண்டை, படிக்கவே தகாது என்று அவர் எங்கோ சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பார்வையில் டெல்ஃபீனாவுக்கு அது உறுதியாகிவிட்டது. இந்த ஆள்தான். படிக்காமல் தூக்கிப் போட்டிருக்கிறார்.

அடுத்த திங்களன்று அவள் மேஜை மாறியிருந்தது. கொஞ்ச நாளைக்குத் தபால் பிரிவில் இருக்கட்டும் என்று லோர்னா சொன்னாள். ஃபேக்ஸ் முன்னால் தற்காலிகமாக ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். சீட்டுகள் குப்பைத்தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. பழியைச் சுமக்க ஒரு ஆள் வேண்டும், அது தான்தான் என்று டெல்ஃபீனாவுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அரை மணி நேரம் முன்னதாக வந்து, கோப்பறையில் பெட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போனாள். ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருந்தாள். ஒருநாள் காலை, மார்ச் மாதப் பெட்டியின் கோடு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

யார் சாவி வாங்கினார்கள் என்று அவள் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது, சைக்கிள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்த ஒரு மெலிந்த மனிதர் எழுந்து நின்றார்.

"அது நான்தாங்க."

அவர் பெயர் டெவின் ஆஷ்பர்ன். மாவட்ட நிர்வாகத்துக்காக மானிய விண்ணப்பங்கள் எழுதுகிறவர். முப்பதைத் தாண்டியவர், ஆனால் அப்படித் தெரியாது. மாநில அரசு ஒரு மானியம் அறிவித்திருக்கிறது என்றார். குழந்தைகள் நல அலுவலகம், ஷெரிஃப், அரசு வழக்கறிஞர் மூவரையும் கம்ப்யூட்டரில் இணைத்து, அறிக்கைகளை அதிலேயே அனுப்பிப் பெற, உள்ளாட்சிகளுக்கு அந்தப் பணம். கடைசித் தேதிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: ஏப்ரல் முடிய ஒரு வருடத்தில் நீங்கள் அனுப்பியவற்றில் எத்தனை, பெற வேண்டியவர்களிடம் இல்லை?

"எந்த மாவட்டத்தாலயும் இதுக்குப் பதில் சொல்ல முடியாது. யாரும் சீட்டை வெச்சுக்கறதில்ல. உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு." பெட்டிகளைத் தன் அலுவலகத்துக்கு எடுத்துப் போய் ஒரு வாரத்தில் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

புகழ்ந்து பேசுகிறவரைக் கண்டாலே டெல்ஃபீனா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். இந்த நேரத்தில், இந்தப் பெட்டிகளை, வெளியே கொண்டுபோக ஒருவர் வந்து நிற்கிறார். மானியம் என்பது சாக்காக இருக்கலாம். பெட்டி ஒரு தடவை படியிறங்கினால் பிறகு எங்கே போயிற்று என்று யாரைக் கேட்பது? அன்று சாப்பாட்டு மேஜையில் கில்லிடம் இதைச் சொன்னாள்.

"காபில சர்க்கரை போடலைன்னு நான் முப்பது வருஷமா சொல்றேன், நீ கப்பை மோந்து பாக்கறே" என்றான் கில். "பாத்து, நான் சொன்னது பொய்யா இருந்தது எத்தனை வாட்டி?"

"ரெண்டு வாட்டி."

"பாத்தியா?"

"ரெண்டு வாட்டி போட்டிருந்தியே."

மறுநாள் டெவினிடம் தன் நிபந்தனையைச் சொன்னாள். பெட்டி நகராது. ஷெரிஃப் அலுவலகம் தன் பதிவேட்டை இங்கே கொண்டு வரட்டும். இரண்டு பக்கத்து ஆளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கட்டும். டெவின் சற்று யோசித்துவிட்டு, அதுதான் விண்ணப்பத்துக்கும் நல்லது என்றார். அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஷெரிஃப் அலுவலகம் அனுப்பியது அவர்கள் பதிவறை எழுத்தர் ஆர்ப்பியை. ஆர்மீனியக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து திராட்சை போட்டவர்கள். நாற்பது வயது, பத்து விரலில் ஏழில் வெள்ளி மோதிரம். மாடியில் ஜன்னல் இல்லாத அறையில் இருவரையும் உட்கார வைத்தார்கள். டெல்ஃபீனா தேதியையும் எண்ணையும் படிப்பாள், ஆர்ப்பி பதிவேட்டில் தேடி இருக்கு, இல்லை என்பாள். முதல் நாள் அதைத் தவிர இருவரும் வேறு வார்த்தை பேசவில்லை. ஆர்ப்பி ஒரு கையால் தன் பக்கத்தை மறைத்துக்கொண்டே பார்த்தாள். மதியம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இரண்டாம் நாள் மதியம் டெல்ஃபீனா கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோது, மேஜையில் இருந்த ஷெரிஃப் தாள்களெல்லாம் குப்புறக் கிடந்தன. அவள் தன் தாள்களைப் பார்த்தாள். போகும்போது அவற்றை அவளும் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

"என்னைக் கவுத்து வைக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றாள் ஆர்ப்பி.

"என்கிட்ட யாரும் சொல்லல. நானாவே வெச்சேன்."

ஆர்ப்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டெல்ஃபீனா தன் சாசேஜ் ரொட்டியில் பாதியைப் பிய்த்து மேஜைக்கு நடுவே வைத்தாள். ஆர்ப்பி ஒரு டப்பாவைத் திறந்து திராட்சை இலையில் சுற்றிய சோற்றுருண்டைகளை நகர்த்தினாள். டெல்ஃபீனா ஒன்றைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தின்றாள்.

மூன்றாம் நாள் கணக்கு முடிந்தது. அந்த ஒரு வருடத்தில் அனுப்பியது ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் சீட்டு இருந்தது, எல்லாவற்றிலும் ஓகே இருந்தது. ஷெரிஃப் பதிவேட்டில் இல்லாதவை இருநூற்று ஒன்பது.

டெல்ஃபீனா அந்த இருநூற்று ஒன்பதையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, கோட்ஸ் எந்தெந்த நாளில் ட்யூட்டியில் இருந்தார் என்று ஆர்ப்பியிடம் கேட்டாள். ஆர்ப்பி உதட்டைக் கடித்தாள், ஆனாலும் பார்த்துச் சொன்னாள். பொருந்தவில்லை. அவர் விடுமுறையில் மீன் பிடிக்கப் போயிருந்த பதினைந்து நாளிலும் காணாமல் போயிருந்தன. டெல்ஃபீனா வேறொரு பெயரைக் கேட்டாள், இன்னொன்றையும் கேட்டாள். எதுவும் ஒத்து வரவில்லை.

ஆர்ப்பிதான் ஒரு நாள்காட்டியை விரித்து, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புள்ளி வைத்தாள். பாதிகூட முடியவில்லை, நிறுத்திவிட்டாள். "எல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல. இல்லாட்டி சனி, ஞாயிறு. லீவு சேர்ந்து வந்தா திங்களும்."

"வாரக்கடைசியில அங்க யார் இருப்பா?"

"அந்த மெஷின்தான் இருக்கும்" என்றாள் ஆர்ப்பி.

மறுநாள் காலை இருவரும் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனார்கள். டெவின் ஃபேக்ஸ் அனுப்புவதற்காக டெல்ஃபீனாவின் பழைய மேஜையில் இருந்தார். ஷெரிஃப் அலுவலகத்து மெஷின் பின்பக்க நடைவழியில், காவலர்கள் உட்காரும் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. நீதிமன்றம், ஜாமீன் கொடுக்கிறவர்கள், வண்டி இழுத்துப் போகிறவர்கள் எல்லோரும் அதே எண்ணுக்குத்தான் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசியாகப் போட்ட தாள் மாலைக்குள் தீர்ந்துவிடும், திங்களன்று தான் வந்துதான் போடுவதாக ஆர்ப்பி சொன்னாள். தாள் இல்லாவிட்டாலும் மெஷின் வாங்கிக்கொள்ளும். தன் நினைவில் வைத்துக்கொண்டு, தாள் போட்டதும் அச்சடிக்கும்.

"அப்படின்னா திங்கக்கிழமை எல்லாமே வரணுமே."

"வரணும்."

மேஜையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த இளம் காவலர் தலையைத் தூக்கினார். உதவி செய்கிற குரலில், "பேப்பர் தீந்துட்டா அது விடாம கத்துங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு மறுபடி சொருகுங்க, நின்னுடும்" என்றார்.

ஆர்ப்பி டெல்ஃபீனாவைப் பார்த்தாள். டெல்ஃபீனா தட்டிலிருந்த தாளையெல்லாம் எடுத்துவிட்டு, டெவினுக்குப் போன் செய்து, ஒன்று இரண்டு என்று எண் போட்டுப் பன்னிரண்டு பக்கம் அனுப்பச் சொன்னாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் கத்தத் தொடங்கியது. போனில் டெவின், பன்னிரண்டுக்கும் சீட்டு வந்துவிட்டது, பன்னிரண்டும் ஓகே என்றார். டெல்ஃபீனா குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரும்பச் செருகினாள். தாள் கட்டைத் தட்டில் வைத்தாள். மெஷின் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. காத்திருந்தார்கள். ஒரு பக்கம்கூட வரவில்லை; பிளக்கோடு அதன் நினைவும் போயிருந்தது.

அவள் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். பல் வைத்தியரை நம்பவில்லை, கடைக்காரனை நம்பவில்லை, கட்டிய புருஷன் போட்ட காபியை நம்பவில்லை. இத்தனை வருடமும் அந்தத் துண்டுச் சீட்டை மட்டும் நம்பியிருந்தாள். ஒரு தடவையாவது போனை எடுத்து, வந்ததா என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை.

சார்ஜன்ட் கோட்ஸ் சத்தம் கேட்டு வந்தார். ஆர்ப்பி நடந்ததைச் சொன்னாள். அவர் பிளக்கைப் பார்த்தார், அந்த இளம் காவலரைப் பார்த்தார். அந்தப் பையன் தின்பதை நிறுத்தியிருந்தான்.

"நானும் பிடுங்கியிருக்கேன்" என்றார் கோட்ஸ்.

"எத்தனை வாட்டி?" என்றாள் டெல்ஃபீனா.

"எண்ணல." மெஷினிலிருந்து பார்வையை எடுத்தார். "அந்த இருநூத்தி ஒம்போதும் இப்ப எங்க இருக்கு?"

"என் பெட்டியில."

"இன்னிக்கே கொண்டு வந்துடுங்க."

"கொண்டு வரமாட்டேன் சார்ஜன்ட். நீங்க வந்து, எண்ணிக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க."

ஒரு மணி நேரத்தில் வந்தார். ஒவ்வொன்றாக எண்ணினார், கையெழுத்திட்டார், எடுத்துக்கொண்டு போனார். இரண்டு காவலர்களை வேறு வேலையிலிருந்து விடுவித்து இதற்கென்றே போட்டார். பெரும்பாலானவற்றைச் சமூகப் பணியாளர்கள் முன்பே பார்த்து முடித்திருந்தார்கள். ஷெரிஃப் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்ததில் முப்பத்தொரு வீடுகள் கவலைப்பட வைத்தன. பதினோரு நாளில் அத்தனைக்கும் போனார்கள். நான்கு வீடுகளிலிருந்து குழந்தைகளை உடனே அழைத்துவர வேண்டியிருந்தது. அந்த நான்கு வீட்டின் அறிக்கைகளும் எந்தெந்த வெள்ளிக்கிழமை தன் கையால் போயின என்று டெல்ஃபீனா தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பார்த்திருக்க வேண்டாம் என்று பின்னால் கில்லிடம் சொன்னாள்.

விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. லோர்னா மறுபடி அறைக்குக் கூப்பிட்டாள். மேஜையில் இரண்டு தாள். ஒன்று டெவின் எழுதியது: ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று ஒன்பது சேரவில்லை. இன்னொன்று, சில அறிக்கைகள் தாமதமாகச் சேர்ந்திருக்கக்கூடும்.

ரூபியின் அப்பா வேறு ஊரில் இருந்தார். அவர் மாவட்டத்தின் மீது வழக்குப் போட்டிருந்தார். எண்ணிக்கையை எழுத்தில் கொடுக்கக் கூடாது என்று மாவட்டத்தின் சட்ட ஆலோசகர் சொல்லிவிட்டாராம். எந்தத் தாள் போனாலும் அதில் சரிபார்த்த இருவரும் ஷெரிஃப் பக்கத்துப் பொறுப்பு அதிகாரியும் கையெழுத்திட வேண்டும்.

"தாமதம்னா என்னிக்காவது வந்து சேரணும் லோர்னா. இது சேரவே இல்ல."

"நீ கையெழுத்துப் போடலைன்னா விண்ணப்பமே போகாது. திரும்பவும் அந்த மெஷின்தான். அது சரியா?"

டெல்ஃபீனா ஒரு நாள் அவகாசம் கேட்டு வெளியே வந்தாள். எப்படிப் போனாலும் தன் கையால்தான் குழி வெட்டச் சொல்கிறார்கள் என்று தோன்றியது. டெவினைக் கேட்டாள். எண்ணிக்கை இல்லாத விண்ணப்பத்துக்கு மானியம் வராது என்று அவர் திட்டமாகச் சொன்னார். அவரும் சட்ட ஆலோசகரும் ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள். இவரை எதற்காக நம்ப வேண்டும்?

மறுநாள் ஆர்ப்பி போன் செய்தாள். "சார்ஜன்ட் கையெழுத்துப் போட்டுட்டார். எண்ணிக்கை இருக்கற தாள்ல. நானும் போட்டுட்டேன்."

"அவரா?"

"அவர்தான்."

"அவரோட மேலிடம் விட்டிருக்காதே."

"மேலிடத்தைக் கேட்டுட்டா அவர் போட்டார்?"

டெல்ஃபீனா நம்பவில்லை. மதிய உணவு நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனாள். ஆர்ப்பி அலமாரியிலிருந்து தாளை எடுத்துக் காட்டினாள். டெல்ஃபீனா அதைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனா அழுந்திய தடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். மை காகிதத்தில் ஊறியிருந்தது. ஆர்ப்பி பேனாவை நீட்டினாள். டெல்ஃபீனா நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். எதை அனுப்புவது என்பது லோர்னாவின் கையில் இருந்தது. நாலு மணிக்கு டெல்ஃபீனா தன் மேல்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உள்ளே போன் இரண்டு தடவை அடித்தது. இரண்டாம் தடவை லோர்னா எடுக்கவில்லை. நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது.

"போயாச்சு."

"எது?"

லோர்னா நகலை அவளிடம் கொடுத்தாள். இருநூற்று ஒன்பது இருந்தது. டெல்ஃபீனா முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தபோது, லோர்னா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "உன் மேஜையை மாத்தினது அந்தச் சட்ட ஆலோசகர் சொல்லித்தான். மாட்டேன்னு நான் சொல்லியிருக்கணும்."

டெல்ஃபீனா கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு டெவினிடம் போய், மாநில அரசு கையில் வந்து சேர்ந்தது என்ன என்று அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு நகல் வரவழைத்துத் தரச் சொன்னாள். அவர் முகம் சுளிக்காமல் வரவழைத்துக் கொடுத்தார். அதிலும் அந்த எண் இருந்தது.

அக்டோபரில் மானியம் கிடைத்தது. ரூபியின் அப்பா போட்ட வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதற்கு முன் டெல்ஃபீனா அரை நாள் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்தாள். தன் வக்கீலிடமும் எதிர்த்தரப்பு வக்கீலிடமும் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டு பதில் சொன்னதாகக் கேள்வி. மறு வருடம் லோர்னாவைத் தத்துக் கொடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அது தண்டனை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். டெல்ஃபீனாவுக்கு அதைப் பற்றித் தனி அபிப்பிராயம் இருந்தது. இப்போதெல்லாம் அவள் லோர்னாவுக்குக் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜூனில் புது முறை வந்தது. ஃபேக்ஸ் போய், திரை வந்தது. டெல்ஃபீனா பழைய மேஜைக்கே திரும்பியிருந்தாள். அறிக்கையை அனுப்பினால், யார் திறந்தார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று பெயரோடு காட்டியது. இரண்டு மணி நேரத்தில் யாரும் திறக்காவிட்டால் அந்த வரி சிவப்பாகி, மேலதிகாரியின் போனைத் தட்டி எழுப்பியது. அதே வீட்டுக்கு ஷெரிஃப் ஆட்கள் முன்னால் போயிருந்தால் அதையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. முதல் வாரம் முழுக்க அவள் அதை ஒரு குற்றம் கண்டுபிடிக்கிற கண்ணோடு பார்த்தாள்.

"இது என்னை விட மோசமாச் சந்தேகப்படுதே" என்று ஆர்ப்பியிடம் போனில் சொன்னாள். குரலில் மதிப்பு இருந்தது.

ஆனாலும், ஓய்வு பெற்ற நாள் வரை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் ஆர்ப்பிக்குப் போன் செய்தாள். பதினாலு அனுப்பினேன், உன்கிட்ட எத்தனை இருக்கு என்பாள். ஆர்ப்பி எண்ணிச் சொல்வாள். ஆர்ப்பி விடுப்பில் இருந்தால் கோட்ஸே எடுத்து எண்ணிச் சொல்வார். ஒருநாள் அவர் வேண்டுமென்றே பதிமூன்று என்றார். மறுமுனையில் கார்ச் சாவி குலுங்கும் சத்தம் கேட்டு, அவசரமாகப் பதினாலு என்று திருத்திக்கொண்டார்.

ரூபியை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கிற வேலையும் அவளுடையது அல்ல. ஒரே ஒரு முறை, பிரிவு மாறிப் போகுமுன் லோர்னாவிடம் கேட்டாள். குழந்தை ஆரிகானில் சித்தியிடம் இருக்கிறாள், கை நன்றாகக் கூடிவிட்டது, பள்ளிக்குப் போகிறாள் என்றாள் லோர்னா. அதற்கு மேல் சொல்ல அனுமதி இல்லை என்றாள். தன்னைச் சமாதானப்படுத்துவதற்காக எதையாவது விட்டுவிட்டுச் சொல்கிறாளோ என்று டெல்ஃபீனா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றி சொல்லிவிட்டு, கோப்பறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.